நான்கு எழுத்தில் ஓர் எண்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் வீடுகளிலே ஒரு வழக்கும் தொடங்கிவிடுகிறது. பிள்ளை பொழுதெல்லாம் கணினியின் முன் அமர்ந்து விளையாடுகிறான் என்று தாய் முறையிடுவதும், விளையாடவில்லை, விளையாட்டைத் திருத்துகிறேன் என்று பிள்ளை மறுமொழி கூறுவதும் இந்நாளிற் பல இல்லங்களிற் கேட்கும் குரல்களே. பிள்ளையின் கூற்றை வெறும் சாட்டு என்று தள்ளிவிடுதல் நீதியன்று. ஓர் ஆட்டத்தை ஆடுதல் வேறு. அதன் உட்புறத்தைத் திறந்து, புதிய வீரரையும் புதிய விதிகளையும் புகுத்தி, வேறோர் ஆட்டமாக மாற்றியமைத்தல் வேறு. முன்னையது பொழுதுபோக்கு. பின்னையதிலோ கணிதமும் மொழியும் கைகோத்து நிற்கின்றன.

அத்தகைய முயற்சியில் ஈடுபட்ட மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி விடுத்துள்ளார். "வோர்கிராப்ட் என்னும் ஆட்டத்தில் காலாட்படை வீரன் ஒருவன் இருக்கிறான். பிறர் செய்த களமொன்றின் கட்டளை நிரலைத் திறந்து பார்த்தபோது, அவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 1751543663 என்ற எண் நின்றது. இவ்வெண்ணை அவனுக்குச் சூட்டியவர் யார்? ஏன் இத்தனை பெரிய எண்?" என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வி. இவ்வாரம் அதற்கே நம் பக்கத்தை ஒதுக்குவோம்.

பெயரும் எண்ணும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிளிசாட் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வோர்கிராப்ட் ஆட்டத்தின் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. ஆட்டத்தோடு கூடவே, 'வேர்ள்ட் எடிட்டர்' என்ற கருவியையும் அந்நிறுவனம் வழங்கியது. விளையாடுவோர் தாமே புதிய களங்களை வரைந்து, புதிய விதிகளை எழுதி, நண்பருடன் ஆடிமகிழ்வதற்கு அக்கருவி வழி செய்தது. விதிகளை எழுதுவதற்கென 'ஜாஸ்' என்னும் சிறு நிரல் மொழியொன்றும் அதில் அமைந்திருந்தது.

இவ்வாட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும், ஒவ்வொரு கட்டடத்துக்கும், ஒவ்வொரு மந்திர ஆற்றலுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. திரையிலே தோன்றுவது ஒன்று. கருவியின் உள்ளே வழங்குவது மற்றொன்று. திரைப் பெயரை நாட்டுக்கு நாடு, மொழிக்கு மொழி மாற்றிக்கொள்ளலாம். உட்பெயரோ மாறாதது. அது நான்கே ஆங்கில எழுத்துகளால் ஆயது. நம் காலாட்படை வீரனின் உட்பெயர் எச், எவ், ஓ, ஓ என்னும் நான்கு சிறிய எழுத்துகள். முதலெழுத்து அவன் மனிதர் படையைச் சேர்ந்தவன் என்பதைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் அவனது ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். குடியானவனின் உட்பெயர் எச், பி, ஈ, ஏ. வீரத் தலைவர்களாயின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்தாகும்.

ஜாஸ் மொழியில் இந்நான்கு எழுத்துகளையும் ஒற்றை மேற்கோட் குறிகளுக்குள் அடைத்து எழுதினால், அதனைக் கருவி சொல்லாகக் கொள்வதில்லை. ஒரு நிறைவெண்ணாகவே கொள்கிறது. மாணவர் கண்ட 1751543663 அதுவே. யாரும் அவ்வெண்ணை ஆராய்ந்து சூட்டவில்லை. எழுத்துகளே எண்ணாகி நிற்கின்றன.

நான்கு அறைகள்

எழுத்து எவ்வாறு எண்ணாகும்? 1963ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரநிர்ணயமாக வெளிவந்த 'அஸ்கி' என்னும் அட்டவணையின் வழியே ஆகும். அதன்படி ஆங்கிலப் பெரிய ஏ என்பதற்கு 65, பெரிய பி என்பதற்கு 66 என இலக்கங்கள் வரிசையாகச் செல்லும். சிறிய ஏ என்பதற்கு 97, சிறிய பி என்பதற்கு 98 என மற்றொரு வரிசை செல்லும். சுழியம் என்ற இலக்கத்தின் வடிவுக்கும் அட்டவணையில் ஓர் எண் உண்டு, அது 48. ஒன்பதின் வடிவுக்கு 57.

இனி, கீழ்வகுப்பில் நாம் கற்ற பாடத்தை நினைவுகூர்வோம். 347 என்று எழுதினால், 7 ஒன்றினிடத்திலும், 4 பத்தினிடத்திலும், 3 நூறினிடத்திலும் நிற்கின்றன. ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகும். கணினியோ எழுத்தொன்றைப் 'பைட்' எனப்படும் ஓர் அறையில் வைக்கிறது. ஓர் அறை கொள்ளக்கூடிய மதிப்புகள் 0 முதல் 255 வரை, ஆக 256. எனவே இங்கே ஓரிடம் நகர்ந்தால் மதிப்பு 256 மடங்காகும். நான்கு அறைகளின் இடமதிப்புகள் வலமிருந்து இடமாக 1, 256, 65536, 16777216 என அமையும்.

காலாட்படை வீரனை இக்கணக்கில் நிறுத்துவோம். சிறிய எச் 104, எவ் 102, ஓ 111, மறுபடியும் ஓ 111. இவற்றை முறையே இடமதிப்புகளாற் பெருக்கினால் 1744830464, 6684672, 28416, 111 என்பன கிடைக்கும். நான்கையும் கூட்டுக. வருவது 1751543663. மாணவர் கண்ட எண் ஓர் இலக்கமும் பிசகாமல் வந்துவிட்டது.

திரும்பிச் செல்லும் வழியும் எளிதே. 1751543663ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 6841967, மீதி 111. அந்த ஈவை மறுபடி வகுத்தால் ஈவு 26726, மீதி 111. இன்னுமொருமுறை வகுத்தால் ஈவு 104, மீதி 102. மீதிகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் எச், எவ், ஓ, ஓ. பென்சிலும் தாளும் போதும், கணினியே வேண்டியதில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு என வினவலாம். இரண்டு சொற்கள் ஒன்றா என்று அறிய, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடல் வேண்டும். இரண்டு எண்கள் ஒன்றா என்று அறிய ஒரே ஒப்பீடு போதும். நொடிக்குப் பன்முறை நூற்றுக்கணக்கான வீரரைக் கவனிக்க வேண்டிய ஆட்டத்தில் இச்சிக்கனம் பெரிது. 1993இல் வெளிவந்த 'டூம்' என்ற ஆட்டத்தை இயற்றியோர், தம் படங்களுக்கும் ஒலிகளுக்கும் எட்டெழுத்துக்கு மேற்படாத பெயர்களைச் சூட்டினர். 1997இல் அவ்வாட்டத்தின் மூல நிரல் வெளியிடப்பட்டபோது, அதன் காரணம் புலனாயிற்று. எட்டெழுத்தையும் நந்நான்காகப் பகுத்து இரண்டு நிறைவெண்களாக வைத்து, இரண்டே ஒப்பீடுகளில் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டனர்.

நான்கெழுத்து அடையாளம் அவர்களுக்கும் முந்தியது. 1984இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணினி, ஒவ்வொரு கோப்பின் வகையையும் அதனை ஆக்கிய செயலியையும் நான்கெழுத்துக் குறிகளால் அறிந்தது. 1985இல் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வகுத்த கோப்பு முறையில், ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் நான்கெழுத்துப் பெயர் நின்றது. வோர்கிராப்ட் ஆட்டம் அம்மரபின் வழியில் வந்ததே.

வலமா, இடமா?

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நான்கு அறைகளில் எதனை முதலாவதாக எண்ணுவது என்பதில் கணினிகளுக்குள்ளே கருத்து வேற்றுமை உண்டு. சில, பெரிய இடமதிப்பை முதலில் வைக்கும். இன்டெல் வகையின சிறிய இடமதிப்பை முதலில் வைக்கும். கலிவர் என்பவனின் கடற்பயணக் கதையிலே முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று குள்ளர் நாட்டார் போரிட்டதை வாசகர் அறிவர். 1980இல் டனி கோஹன் என்ற அறிஞர் அக்கதையினின்றே இவ்விரு கட்சிகளுக்கும் பெயர் சூட்டினார்.

வோர்கிராப்ட் களத்தின் கோப்பில் உட்பெயர்கள் படிக்கும் வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளன. அவ்வறைகளை இன்டெல் முறையில் ஓர் எண்ணாக அப்படியே படித்துவிட்டால் 1869571688 என வரும். வீரன் தலைகீழாகி, ஓ, ஓ, எவ், எச் என்று நிற்பான். தாமே கருவி இயற்ற முனையும் மாணவர் இதனை முதலிலேயே கவனித்தல் நன்று.

ஒன்பதுக்கு அடுத்தது யாது?

இம்முறையில் ஒரு பொறியும் உண்டு. களம் அமைப்போர் தாமாகப் புதிய வீரரைப் படைக்கும்போது, கருவியே அவர்க்கு உட்பெயர் வழங்குகிறது. முதலிற் படைத்த மனித வீரனுக்கு எச் என்ற எழுத்தும் மூன்று சுழியங்களும். அடுத்தவனுக்கு எச், சுழியம், சுழியம், ஒன்று. இவ்வாறே ஒன்பது வரை செல்லும். மூன்று சுழியம் உடையவனின் எண் 1747988528. அடுத்தவன் 1747988529. பத்தாமவன் 1747988537.

இதைக் கண்ட இளைஞர், வரிசையாக எண்ணைக் கூட்டிச் சென்றால் தாம் படைத்த வீரர் யாவரையும் ஒருவர்பின் ஒருவராக அழைத்துவிடலாம் என்று எண்ணுவார். பத்துப் பேர் வரை அஃது உண்மையே. பதினோராமவனை அழைக்கையில் முறை முறிகிறது. கருவி அவனுக்கு வழங்கிய பெயரின் இறுதியில் நிற்பது பெரிய ஏ என்ற எழுத்து. அதன் எண் 65. ஆனால் ஒன்பதின் எண் 57. அதனோடு ஒன்றைக் கூட்டினால் 58. அட்டவணையில் 58 முதல் 64 வரை முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, வினாக்குறி முதலிய ஏழு குறிகள் குந்தியிருக்கின்றன. ஆகவே பதினோராமவனின் மெய்யான எண் 1747988545. நம் இளைஞர் அழைப்பதோ 1747988538. அப்பெயருடைய வீரன் எவனும் இலன். களத்தில் எவனும் தோன்றான். தவறு என்று அறிவிக்கும் மணியும் ஒலிக்காது. பத்து வீரரை வைத்துச் சோதித்தபோது செவ்வனே நடந்த ஆட்டம், பதினொருவரை வைத்ததும் காரணம் தெரியாமற் பிழைக்கும்.

தசம முறையில் ஒன்பதுக்கு அடுத்து இடம் மாறும். கருவி வழங்கும் பெயர்களிலோ ஒன்பதுக்கு அடுத்து ஏ முதல் இசட் வரை இருபத்தாறு எழுத்துகளும் வந்து, அதன் பின்னரே இடம் மாறும். ஆக ஓரிடத்துக்கு 36 குறிகள். மூன்று இடங்களுக்கு 46656 பெயர்கள். உள்ளே எண்ணாக வைக்கும்போது மட்டும் இடமதிப்பு 256. ஒரே பெயர் இரண்டு அடிகளில் எண்ணப்படுகிறது. இதனை உணர்ந்தவர், எண்ணோடு ஒன்றைக் கூட்டுவதை விட்டு, பெயர்களை ஓர் அட்டவணையில் நிரல்பட எழுதிவைத்து எடுத்துக்கொள்வர்.

திரும்பி வராத பெயர்கள்

நான்கெழுத்து முறை குறுகியது. ஐந்தெழுத்துப் பெயர் அதில் அடங்காது. நீண்ட பெயர்களை உடைய ஆட்டங்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டன. பெயர் எத்துணை நீளமாயினும், அதன் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கலக்கி, பெருக்கி, நகர்த்தி, இறுதியில் நான்கு அறைகளில் அடங்கும் ஓர் எண்ணாகப் பிழிந்தெடுத்தல் அவ்வழி. 2013இல் வெளிவந்த 'கிராண்ட் தெப்ட் ஓட்டோ' ஐந்தாம் பாகத்தில், பொப் ஜென்கின்ஸ் என்பவர் 1997இல் வெளியிட்ட அத்தகைய முறையொன்றே வாகனங்களின் பெயர்களை எண்ணாக்குகிறது.

இங்கே திரும்பும் வழி இல்லை. தேங்காயினின்று பால் பிழியலாம். பாலினின்று தேங்காயை ஆக்க இயலாது. எண்ணை மட்டும் கண்ட ஒருவர், பெயரை ஊகித்து, அதனைக் கலக்கிப் பார்த்து, எண் ஒத்ததா என்று சோதிக்கலாம், அவ்வளவே. இதனால் அவ்வாட்டங்களை மாற்றியமைப்போர் பெயர்ப் பட்டியல்களைப் பொக்கிஷம்போற் காத்துவருகின்றனர்.

இன்னுமோர் இடர், இரு பெயர்கள் ஒரே எண்ணைப் பெறுதல். இருபத்துமூவர் கூடிய அவையில் எவரேனும் இருவர்க்கு ஒரே பிறந்தநாள் அமையும் நிகழ்தகவு அரைப்பங்கைச் சற்று மிஞ்சும். நாள்கள் 365 இருந்தும் 23 பேரே போதுமானவராகின்றனர். அதே கணக்கின்படி, நான்கு அறைகளில் 4294967296 எண்கள் இருந்தும், ஏறத்தாழ 77,000 பெயர்கள் சேர்ந்தாற் போதும். ஏதேனும் இரண்டு மோதுவதற்கு அரைப்பங்கு வாய்ப்பு உண்டாகிவிடும். நான்கெழுத்து முறையில் இவ்வச்சம் இல்லை. எழுத்து வேறாயின் எண்ணும் வேறாதல் உறுதி.

கைமாறி வளர்ந்த கலை

இனி, இவ்விடயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். கணினிக்கு எச், எவ், ஓ, ஓ என்று எழுதினாலும் ஒன்றே. 1751543663 என்று எழுதினாலும் ஒன்றே. மனிதனுக்கு அவ்வாறன்று. முன்னையதைக் காண்பவன் காலாட்படை வீரன் என்று ஊகிப்பான். பின்னையதைக் காண்பவன் திகைப்பான். தம் களத்தைப் பிறர் கையாளலாகாது என்று கருதிய சிலர், பெயர்களையெல்லாம் வெற்றெண்களாக்கி, விளக்கக் குறிப்புகளையும் நீக்கி வெளியிட்டதுண்டு. மாணவர் திறந்த களமும் அவ்வகையினதே போலும். உழைத்தவர்க்குத் தம் உழைப்பைக் காக்கும் உரிமை இல்லையென்று நாம் கூறோம். பிறர் களத்தைத் தம் பெயரில் வெளியிட்டோரும் இருந்தமையால் அன்றோ இக்காப்பு வேண்டியதாயிற்று!

ஆயினும் வரலாறு ஒன்றைக் கூறுகிறது. இதே கருவியைக்கொண்டு 'இயூல்' என்ற புனைபெயருடைய ஒருவர் 2003இல் 'டோட்டா' என்ற களத்தை அமைத்தார். பின்னர் அது பலர் கையில் பலவாறு திரிந்தது. ஸ்டீவ் ஃபீக் என்பவரிடம் வளர்ந்தது. 'ஐஸ்ஃப்ரொக்' என்ற புனைபெயருடையவரிடம் சென்று மேலும் வளர்ந்தது. 2009இல் வெளிவந்த 'லீக் ஒஃப் லெஜென்ட்ஸ்', 2013இல் வெளிவந்த 'டோட்டா' இரண்டாம் பாகம் ஆகிய பேராட்டங்கள் அந்த வழித்தோன்றல்களே. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்து வளர்த்திராவிடில் இவை பிறந்திரா.

கொல்லன் பட்டறையில் மகன் தந்தையின் கையைப் பார்த்தே தொழிலறிகிறான். நிரல் எழுதும் கலையும் பெரும்பாலும் அவ்வாறே கற்கப்படுகிறது. பிறர் எழுதியதைப் படித்து, ஏன் இவ்வாறு எழுதினார் என்று சிந்தித்து, ஓரிடத்தை மாற்றிப் பார்த்து அறிகிறோம். பெயரை அழித்துவிட்டால், பட்டறையின் கதவைச் சாத்திவிட்டதாகும். சில ஆண்டுகள் கழித்துத் தம் களத்தைத் தாமே திறக்கும்போது, அக்கதவு தமக்கும் சாத்தியே இருக்கும். கணினிக்காக எண்ணாகவும் மனிதனுக்காகப் பெயராகவும் ஒருங்கே நிற்கக்கூடிய குறியொன்று கையில் இருக்கையில், அதனைப் பெயராகவே எழுதிவைத்தல் அறிவுடைமையாகும்.

மாணவர்க்கு ஒரு கணக்கு

நம் தாய்மொழி எழுத்தில் இப்பெயர்களை அமைக்க இயலுமா என்று கேட்பாரும் உளர். யூனிகோட் அட்டவணையில் அகரத்தின் எண் 2949. இன்று பெரிதும் வழங்கும் 'யூ.டி.எப். எட்டு' முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று அறைகள் வேண்டும். 'கி' என்ற எழுத்து ககரமும் இகரக் குறியுமாக ஆறு அறைகளைக் கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லுக்குப் பதினைந்து அறைகள் தேவை. நான்கு அறைகளுக்குள் அது அடங்காது. மேலும் அஸ்கி எழுத்துகளின் எண்கள் 127ஐத் தாண்டாமையால் நான்கெழுத்து எண் என்றும் நேர் எண்ணாகவே இருக்கும். தமிழ்க் குறியின் முதலறையோ 224. ஜாஸ் மொழியின் நிறைவெண் 2147483647க்கு மேற்செல்லாது. அங்கே அது மறை எண்ணாகத் திரும்பிவிடும். இம்முறை ஆங்கில நெடுங்கணக்கின் அளவுக்கு வெட்டிய சட்டை.

எனினும் தமிழுக்கும் நான்கெழுத்து அடையாளம் ஒன்று உண்டு. மைக்ரோசொப்ட், அடோபி நிறுவனங்கள் 1996இல் அறிவித்த 'ஓப்பின்டைப்' என்ற எழுத்துரு முறையில், ஒவ்வொரு வரிவடிவத்துக்கும் நான்கெழுத்துக் குறி வழங்கப்பட்டுள்ளது. கொம்பும் காலும் எழுத்தின் எப்பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற விதிகளை எழுத்துருவினுள்ளே அக்குறியின் கீழேதான் கணினி தேடுகிறது. தமிழுக்குப் பின்னர் புதியதொரு குறியும் சேர்க்கப்பட்டது. முதலிற் பெற்ற குறியின் எண் 1952542060.

விடையை நாம் இங்கே கூறப்போவதில்லை. 256ஆல் மூன்று முறை வகுத்து, மீதிகளைப் பின்னிருந்து முன்னாகப் படியுங்கள்; சிறிய ஏ என்பது 97 என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். பெற்றோரும் பிள்ளையின் அருகே அமர்ந்து தாளில் வகுத்துப் பார்க்கலாம். விளையாட்டைத் திருத்துகிறேன் என்று பிள்ளை சொன்னதன் பொருள் அப்போது அவர்களுக்கும் விளங்கும்.